ராமேஸ்வரம் சாலையில் டீசல் கேரவன்: ஆர்பிஎம் முள்ளையும் சூட்டு முள்ளையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் போகும் சாலை முழுக்கத் தட்டைதான். மேடு என்று சொல்ல பாம்பன் பாலம் ஒன்றுதான் உண்டு. ஆனாலும் சுமை ஏற்றிய டீசல் வண்டி இந்தச் சாலையில் நன்றாகவே சூடேறும். வெயில், எதிர்காற்று, உப்பு படிந்த ரேடியேட்டர், அமாவாசைக் கூட்டத்தில் ஊர்ந்து போவது என்று எல்லாம் ஒன்றுசேரும். அதற்கு மேல் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன் வேன் என்றால், சாதாரண வேனை விட அது எப்போதும் கனமாகத்தான் ஓடும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 100 கிலோ கூடுகிறது. கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஏ.சி. காற்றைத் தடுக்கிறது.

கார் ஓட்டிப் பழகியவர்கள் இப்படி ஒரு வண்டியை வாடகைக்கோ சொந்தமாகவோ எடுத்து ஓட்டும்போது டேஷ்போர்டில் இரண்டு முட்களைப் பார்க்கப் பழக வேண்டும். ஒன்று ஆர்பிஎம், இன்னொன்று டெம்பரேச்சர். ஆர்பிஎம் முள் இந்த நொடியில் எஞ்சின் என்ன செய்கிறது என்று காட்டும். டெம்பரேச்சர் முள் அப்படியில்லை. சில நிமிடங்களுக்கு முன் நீங்கள் எஞ்சினை எப்படி நடத்தினீர்கள் என்பதன் பலன் இப்போதுதான் அங்கே தெரியும். இரும்பும் தண்ணீரும் சூடேற நேரம் எடுக்கும். அதனால் சூட்டு முள் ஏறிய பிறகு பதறுவதை விட, ஆர்பிஎம் முள்ளைச் சரியான இடத்தில் வைத்திருப்பதுதான் பாதி வேலை.

ஆர்பிஎம் என்பது என்ன?

எஞ்சினின் கிராங்க் தண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே ஆர்பிஎம். மீட்டரில் 1, 2, 3, 4 என்று போட்டிருக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். முள் 2-இல் நின்றால் 2000 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் எரியும். ஆக 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4000 வெடிப்பு, நொடிக்கு 67 ஆகிறது. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒவ்வொரு வெடிப்பிலும் எரியும் டீசல் கூடுகிறது, சூடும் கூடுகிறது.

ஊற்றும் டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலோதான் வண்டியை நகர்த்துகிறது. மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. ரேடியேட்டர் வழியில் அடைப்பு வந்தால் அந்தச் சூடு எஞ்சினிலேயே தங்கிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் மேல் சுற்றில்தான் சுறுசுறுப்பாகும். டீசல் எஞ்சின் கீழ்ச் சுற்றிலேயே நல்ல இழுவை தரும். வேன்களில் வரும் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவாக 1400 முதல் 2200 வரை நல்ல இடம். ஐடிலிங் 750 முதல் 850 வரை இருக்கும். 1200-க்குக் கீழே டர்போ போதுமான காற்றைத் தள்ளாது, இழுவை இருக்காது. எஞ்சின் தாண்டக் கூடாத சுற்றைக் காட்டும் சிவப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு மிகவும் உதவும். தட்டைச் சாலையில் ஒவ்வொரு கியரிலும் ஒரு வேகத்துக்கு எத்தனை ஆர்பிஎம் என்று கூட வருபவரை ஓர் அட்டையில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே கியரில் வேகமும் ஆர்பிஎம்மும் ஒரே விகிதத்தில்தான் ஏறி இறங்கும். உதாரணத்துக்கு, டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு 1600 ஆர்பிஎம் என்றால், 40 கி.மீ.க்கு வெறும் 1070, 30 கி.மீ.க்கு 800. அதாவது டாப் கியரிலேயே 30-க்கு இறங்கினால் எஞ்சின் ஐடிலிங் வேகத்தில் நின்றுகொண்டு நாலு டன் வண்டியை இழுக்கப் பார்க்கிறது. இந்த அட்டையை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். முதல் வாரத்துக்குள் மனப்பாடம் ஆகிவிடும்.

"ரேஸ் ஆனால் ஹீட் ஆகும்" என்பது பாதி உண்மை

நம் ஊரில் பல டிரைவர்களுக்கு ஆர்பிஎம் ஏறுவது பிடிக்காது. சத்தம் கூடினால் எஞ்சின் கஷ்டப்படுகிறது, டீசல் வீணாகிறது என்று நினைத்துச் சீக்கிரமே டாப் கியருக்குப் போய்விடுவார்கள். பிறகு எதிர்காற்றோ மேடோ வந்தாலும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் தரை வரை அழுத்துவார்கள். வண்டி முக்கும். தடதடவென்று ஒரு கனத்த அதிர்வு ஸ்டியரிங்கிலும் கியர் கம்பியிலும் தெரியும், கண்ணாடி நடுங்கும், பழைய வண்டியாக இருந்தால் பின்னால் கரும்புகை வரும். வெளியே சத்தம் குறைவுதான். உள்ளேதான் எஞ்சின் வதைபடுகிறது.

காரணம் எளிது. வாட்டர் பம்ப்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. பெரும்பாலான வேன்களில் ரேடியேட்டர் ஃபேனையும் அதுவே சுற்றுகிறது. ஆயில் பம்ப்பும் அப்படித்தான். 1000 ஆர்பிஎம்மில் முக்கும் எஞ்சினில் டீசல் நிறைய எரிகிறது. ஆனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மெதுவாகச் சுற்றுகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தமும் குறைவு. அதே வேகத்துக்கு ஒரு கியர் குறைத்து 1600-க்குக் கொண்டுவந்தால் உராய்வு கொஞ்சம் கூடும்தான். ஆனால் பம்ப்பும் ஃபேனும் ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை செய்யும், ஒவ்வொரு வெடிப்பின் சுமையும் குறையும். சுமையோடு போகும்போது சற்றுச் சத்தமாக ஓடும் எஞ்சின்தான் குளிர்ச்சியாக ஓடும். இதை ஏற்றுக்கொள்ள மனசுக்கு நேரம் ஆகலாம், ஆனால் சூட்டு முள்ளே அதைக் காட்டிக்கொடுக்கும்.

பாம்பன் பாலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1988-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலைப் பாலம் 2.3 கி.மீ. நீளம். அடியில் படகுகள் போவதற்காக நடுப்பகுதி உயர்ந்திருக்கும். மண்டபம் பக்கத்திலிருந்து ஏறும்போது முன்னால் போகும் வண்டிகள் ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க வேகம் குறைக்கும். உங்கள் வேகமும் 50-லிருந்து 30-க்கு வந்துவிடும், டாப் கியர் அப்படியே இருக்கும். இங்கேதான் முக்கல் தொடங்குகிறது. ஆகவே பாலம் ஏறத் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்து, முள்ளை 1600-க்கும் 2000-க்கும் இடையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். முன் வண்டி இன்னும் மெதுவானால் இன்னொரு கியர். ஏறும் வழியில் முக்கத் தொடங்கிய பிறகு அவசரமாகக் கியர் மாற்றினால் வேகம் இன்னும் விழும்.

இறங்கும்போது நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். கியரிலேயே காலை எடுத்துவிட்டால் டீசல் செலுத்துவதை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் எஞ்சின்கள் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். அதே நேரத்தில் சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதால் வாட்டர் பம்ப் தொடர்ந்து ஓடும். எரிப்பு இல்லை, குளிர்விப்பு உண்டு. பாலம் இறங்குவதற்குள் சூடு தணிவது இதனால்தான். நியூட்ரலில் இந்த இரண்டு நன்மையும் போய், பிரேக் மட்டும்தான் மிஞ்சும். ஒரே ஒரு எச்சரிக்கை: இறக்கத்தில் மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றினால் சக்கரம் எஞ்சினைச் சிவப்புக் கோட்டுக்கு மேல் சுழற்றிவிடும். டீசலை நிறுத்தி எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அங்கே உதவாது, ஏனென்றால் அப்போது சுற்றுவது டீசல் அல்ல, வண்டியின் எடை.

சூட்டு முள் எப்போதும் முழு உண்மை சொல்லாது

எஞ்சினின் கூலன்ட் வழக்கமாக 85 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரியில் திறக்கத் தொடங்கி, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு அனுப்பும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். காலையில் ஐடிலிங்கில் பத்து நிமிடம் நிறுத்திச் சூடேற்ற வேண்டியதில்லை. சுமை இல்லாத டீசல் எஞ்சின் எளிதில் சூடாகாது. ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு முள் நடுவுக்கு வரும்வரை 2000-க்குள் மென்மையாக ஓட்டினால் போதும்.

புதிய வண்டிகளில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பல வண்டிகளில் 80-க்கும் 100-க்கும் இடையில் கூலன்ட் எந்தச் சூட்டில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே நடுவை விட்டு முள் ஒரு நூல் நகர்ந்தாலும் சூடு ஏற்கெனவே நிறைய ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி செல்போனோடு இணைத்தால் சரியான டிகிரியே தெரியும். கேரவன் வைத்திருப்பவர்களுக்கு இது வீண் செலவு இல்லை.

இன்னொன்று உயிர்நாடியான விஷயம். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்து கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். எஞ்சின் தீயாய்க் கொதிக்கும்போது முள் இறங்கிப் போகலாம். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று சரிந்தால் நிம்மதியடையாதீர்கள், உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். இதேபோல சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்தால் மின்தடை கூடி, உண்மையான சூட்டை விடக் குறைவாகக் காட்டும். கடலோரத்தில் இது சாதாரணம். வருடத்துக்கு ஒரு முறை கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய தொல்லைகள்

முதலில் தண்ணீர். ராமநாதபுரம் கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிக்க முடியாத அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கும் ஊற்றக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து, கெட்டிலின் அடியில் படிவது போல மெல்லிய குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அவசரத்துக்கு ஊற்றினாலும், ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்துக் கழுவிவிட வேண்டும். வண்டியில் எப்போதும் ஐந்து லிட்டர் கலந்த கூலன்ட்டும் ஐந்து லிட்டர் பேட்டரித் தண்ணீரும் இருக்கட்டும்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட்டின் வேலை உறைவதைத் தடுப்பது மட்டும் இல்லை. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும் நமக்கு அதைவிட முக்கியம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 120 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 130-ஐ நெருங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். விலை குறைந்த பாகம்தான். ஆனால் வெடித்த ரப்பரால் கொதித்து நின்றுபோகும் வண்டிக்கு ஆகும் செலவு பெரிது.

அடுத்து காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தப் பகுதியில் பலமாக வீசும். எதிர்காற்றில் எஞ்சினுக்குச் சுமை கூடுகிறது, ஆனால் ரேடியேட்டருக்குக் காற்றும் கூடுகிறது. ஏமாற்றுவது பின்காற்று. 30 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும்போது பின்னாலிருந்து 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், ரேடியேட்டர் முன்னால் காற்றோட்டமே இருக்காது. ஃபேன் ஒன்றையே நம்ப வேண்டும். ஃபேனின் மையத்தில் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச் பழுதாகியிருந்தால் அது அப்போதுதான் வெளியே தெரியும். நல்ல ஃபேன் சூடேறியதும் 'ஹோ'வென்று விமானம் போல இரையும். அந்த இரைச்சலே வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூன்றாவது மணலும் உப்பும். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் நுனியான அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இரு பக்கமும் கடல், உப்புச் சாரல் கலந்த காற்று. அது ரேடியேட்டர் ஃபின்களில் படிந்து வெள்ளைப் பொடியாக அரிக்கும். தார்ச்சாலையை விட்டு மணலில் மட்டும் இறக்காதீர்கள். பின்சக்கரம் புதைந்து சுழலும்போது ஆர்பிஎம் 3000 காட்டும், வண்டி ஓர் அங்குலம் நகராது, ரேடியேட்டருக்கு எதிர்காற்றும் இருக்காது. ஐந்து நிமிடப் போராட்டத்தில் கிளட்ச் கருகிய வாடையும் சூட்டு முள்ளும் சேர்ந்தே வரும். சக்கரம் ஒரு முறை புதைந்ததுமே நிறுத்தி, மணலை வாரி, பலகை போட்டு, தேவையானால் கயிறு கட்டி இழுக்கச் சொல்வதுதான் வழி.

நின்றுகொண்டே ஓடும் எஞ்சின்

கேரவனில் வருபவர்கள் இரவில் ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது உண்டு. இதைச் செய்யவே கூடாது. முதல் காரணம் உயிர். புகைக்குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாடை கிடையாது. இரண்டாவது, மணிக்கணக்கான ஐடிலிங்கில் எரிப்பு அறை போதுமான சூட்டுக்கு வராது. டீசல் அரைகுறையாக எரிந்து கரி படியும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் அந்தக் கரி நேராகப் புகை வடிகட்டியில் போய் அடைக்கும்.

அந்த வடிகட்டி நிரம்பும்போது எஞ்சின் கூடுதல் டீசல் செலுத்தி அதைச் சுட்டெரித்துக்கொள்ளும். அப்போது ஐடிலிங் தானாகவே 1000 அளவுக்கு ஏறும், ஃபேன் இரையும், காரமான வாடை வரும். புதியவர்கள் பழுது என்று பயந்து எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நின்ற வேலை அடுத்த முறை இன்னும் நீளும். பட்டினம்காத்தான் தாண்டி உச்சிப்புளி வரை போல, நிற்காமல் போகக்கூடிய சாலையில் 1800 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த நேரத்தில் புகைக்குழாய்ப் பகுதி 600 டிகிரி வரை போகும். காய்ந்த புல், பனை ஓலை, கருவேலஞ் சருகு மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும்.

பகலில் கொஞ்ச நேரம் ஐடிலிங் தவிர்க்க முடியாது என்றால் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும், புகையும் பின்னால் போகும்.

முள் ஏறத் தொடங்கினால்

ஏ.சி.யை அணையுங்கள், அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூட்டை ஊதிக்கொண்டிருக்கிறது. வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்து ஃபேனை அதிகத்தில் வையுங்கள். வெயிலில் கொடுமையாக இருக்கும், ஆனால் அது ஒரு குட்டி ரேடியேட்டர். கியர் குறைத்து, காலை லேசாக்கி, 1800 அளவில் ஓட்டுங்கள். பாலத்தின் மேல் நிறுத்தாமல் முடிந்தவரை தாண்டி வந்து ஓரம் கட்டுங்கள்.

நிறுத்தியதும் கூலன்ட் ஒழுகவில்லை, ஆவியும் இல்லை என்றால் எஞ்சினை அணைக்காமல் 1200 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பம்ப் ஓடி சூட்டை வெளியே கொண்டுவரும், டர்போவும் ஆறும். முள் இறங்காமல் மேலே போனாலோ, ஆவியோ ஒழுக்கோ தெரிந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸை அழுத்தினால் கல் போல இருக்கும் வரை உள்ளே அழுத்தம் இருக்கிறது. அது தளர்ந்த பிறகு, தடித்த துணியைப் போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் அடங்கியதும் திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

ஆற வைத்து கூலன்ட் ஊற்றிய பிறகும் அதன் டேங்கில் குமிழி குமிழியாக வந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தாலோ, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கெட்டியானாலோ ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

பட்டறையில் ஒரு விஷயத்தை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாதுண்ணே" என்று சொல்வார்கள். கழற்றினால் முள் தாழ்வாகத்தான் நிற்கும், பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கே வராமல் ஓடும்; டீசல் கூடும், சிலிண்டர் தேயும், புகை வடிகட்டி தன்னைச் சுட்டெரிக்கும் வேலையைத் தொடங்காமலே போகலாம். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். பழுதான தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் அதே டிகிரி போட்ட புதியதை மாட்டுங்கள்.

தனுஷ்கோடி போய்த் திரும்பிய மறுநாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, நல்ல தண்ணீர்க் குழாயைப் பிடித்து ரேடியேட்டரைக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் பூச்சியும் மணலும் இன்னும் உள்ளே போகும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண குழாய் வேகத்தில் விட வேண்டும். பிரஷர் வாஷர் வைத்தால் ஃபின்கள் மடிந்துவிடும். முதலில் கலங்கலாக, சருகும் மணலுமாக வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டுக்கொண்டே இருங்கள்.